கம்பு எட்ட வேண்டிய தூரம்



சிலம்பமும் உலக விளையாட்டு அரங்கும் என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். போட்டிகளில் நடுவராக நிற்கும்போதெல்லாம் யாராவது ஒரு தாயோ தந்தையோ என்னிடம் வந்து கேட்பார்கள்: “சார், இது ஒலிம்பிக்ல எப்ப வரும்?” பிள்ளைக்குக் கம்பு வாங்கிக் கொடுத்து, விடியற்காலையில் களத்தில் கொண்டுவிட்டு, வெயிலில் காத்து நிற்பவர்கள் கேட்கும் கேள்வி அது. அவர்களுக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும். ஐயாயிரம் வருடத்துக் கலை, தானாக வந்து சேரும் என்று சொல்லி அனுப்பக்கூடாது. வெள்ளைக்காரன் உள்ளே விடமாட்டான் என்று பழி போட்டும் அனுப்பக்கூடாது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியே இருக்கும் யாரும் நம்மைத் தடுக்கவில்லை. ஒரே விதிப்புத்தகத்தில் நாம் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. சிலம்பத்தில் எதைப் போட்டி அரங்குக்கு அனுப்புவது, எதைக் களத்திலேயே வைத்துக்கொள்வது என்று ஆசான்மார்கள் கூடி உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. அந்த வேலை முடியாதவரை யாரிடம் மனுக் கொடுத்தும் பலன் இல்லை. இனிமேல் நான் பேசப் போவதெல்லாம் இதற்கான விளக்கம்தான்.

கம்புச் சண்டை ஒலிம்பிக்கின் படியையே மிதித்ததில்லை என்று பலர் நினைக்கிறார்கள். மிதித்திருக்கிறது. 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக்கில், வாள்வீச்சின் ஒரு பிரிவாக ‘சிங்கிள்ஸ்டிக்’ என்ற ஒற்றைக் கம்புப் போட்டி நடந்தது. ஆல்பர்ட்சன் வான் ஜோ போஸ்ட் என்பவர் தங்கம் வென்றார். போட்டியிட்டவர்கள் மொத்தம் மூன்று பேர், மூவரும் அமெரிக்கர்கள். அடுத்த ஒலிம்பிக்கில் அந்தப் பிரிவே இல்லை. 1924இல் பாரிஸில் பிரான்சுக்காரர்கள் தங்கள் கைத்தடிச் சண்டையான ‘லா கான்’ கலையைக் காட்சி விளையாட்டாக ஆடிக் காட்டினார்கள். அதுவும் அதோடு நின்றது. ஒரு நாட்டுக்காரர் மட்டும் ஆடி, அதே நாட்டுக்காரர் மட்டும் ஜெயிக்கும் ஆட்டம் உள்ளே போனாலும் நிலைக்காது. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு நம் நிலையைப் பார்ப்போம்.

2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நான்கு நகரங்களில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டு நடந்தது. வேலு நாச்சியாரை மனத்தில் வைத்து வடித்த ‘வீர மங்கை’தான் அதன் சின்னம். அதில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. நம் பிள்ளைகள் மற்ற மாநிலத்தார் முன்னால் கம்பு சுற்றினார்கள். அன்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. ஆனால் காட்சி விளையாட்டு என்றால் மாநிலத்தின் பதக்கப் பட்டியலில் அது ஏறாது. களரிப்பயிற்று, கட்கா, தாங்-தா, மல்லர்கம்பம், யோகாசனம் ஐந்தும் அதற்கு முன்பு ஹரியானாவில் நடந்த கேலோ இந்தியா போட்டியிலேயே இடம் பெற்றுவிட்டன. நாம் அவர்களுக்குப் பின்னால் நிற்கிறோம். தமிழ்நாடு அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பத்தைச் சேர்த்திருக்கிறது. முதலமைச்சர் கோப்பையிலும் சிலம்பம் உண்டு. இவை நல்ல படிகள். ஏறிய படி நிலைக்கும் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. பக்கத்து மாநிலத்தின் களரிப்பயிற்று 2023இல் கோவாவில் நடந்த தேசிய விளையாட்டில் பதக்கப் போட்டி. 2025 உத்தரகண்ட் தேசிய விளையாட்டில் அதைக் காட்சி விளையாட்டாக மாற்றியபோது விஷயம் நீதிமன்றம் வரை போனது.

சரி, ஒலிம்பிக் என்னதான் கேட்கிறது? கோடைக்கால ஒலிம்பிக்கில் ஒரு விளையாட்டு சேர வேண்டுமானால், அது நான்கு கண்டங்களில் குறைந்தது 75 நாடுகளில் ஆண்களாலும், மூன்று கண்டங்களில் 40 நாடுகளில் பெண்களாலும் பரவலாக ஆடப்பட வேண்டும் என்று ஒலிம்பிக் சாசனம் நெடுங்காலம் சொல்லிவந்தது. அதோடு ஊக்கமருந்து தடுப்பு விதிகளை ஏற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த விளையாட்டை உலக அளவில் நடத்தும் கூட்டமைப்பு ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். 2014க்குப் பிறகு, போட்டி நடத்தும் நகரம் தனக்கு விருப்பமான சில விளையாட்டுகளைப் பரிந்துரைக்கலாம் என்று ஒரு பக்க வழியும் திறந்தது. அந்த வழியாகத்தான் டோக்கியோவில் கராத்தே நுழைந்தது. 2028 லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிரிக்கெட் போகிறது. 2036 ஒலிம்பிக்கை நடத்த விரும்புவதாக இந்தியா 2024 அக்டோபரில் கடிதம் கொடுத்திருக்கிறது. அது கிடைத்தால் சிலம்பத்துக்கு வழி பிறக்கும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். அந்த நம்பிக்கையோடு, வீட்டு வேலையையும் முடிக்க வேண்டும். அதை முடித்தவர்கள் எப்படி முடித்தார்கள் என்று பார்க்கலாம்.

முதலில் ஜூடோ. இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் நமக்கு வேண்டிய பாடம் முழுவதும் இதில் இருக்கிறது. ஜப்பானில் சாமுராய்கள் காலம் முடிந்து, அவர்களுடைய மல்யுத்தக் கலையான ஜுஜுட்சுவைச் சீந்துவாரில்லாத காலம். 1882இல் கானோ ஜிகோரோ என்ற இளைஞர், பல்கலைக்கழகத்தில் படித்தவர், டோக்கியோவில் ஒரு கோயிலின் பன்னிரண்டு பாய் அளவுள்ள அறையில் கோடோகான் என்ற பள்ளியைத் தொடங்கினார். அவர் இரண்டு தனித்தனிப் பரம்பரைகளிடம் பாடம் கேட்டவர். இரண்டிலிருந்தும் எடுத்தார். முழு வேகத்தில் எதிராளியோடு மோதிப் பழக முடிந்தவற்றை, அதாவது எறிதலையும் அமுக்குதலையும் மடக்குதலையும், பயிற்சியின் நடுவில் வைத்தார். உயிருக்கு ஆபத்தான குத்துகளையும் அடிகளையும் தூக்கி எறிந்தாரா என்றால் இல்லை. ‘கதா’ என்று அவர்கள் சொல்லும் வரிசைப் பயிற்சியில் அவற்றைப் பத்திரப்படுத்தினார். மாணவன் அவற்றைக் கற்பான், ஆனால் போட்டியில் பயன்படுத்தமாட்டான்.

ஆசான்மார்களே, இந்த ஓர் ஏற்பாட்டைத் தயவுசெய்து கவனியுங்கள். கலையின் ஒரு பகுதியை அரங்குக்கு அனுப்பினார், இன்னொரு பகுதியைப் பள்ளிக்குள் வைத்துக்கொண்டார். இரண்டையும் ஒரே ஆசான் ஒரே மாணவனுக்குச் சொல்லிக் கொடுத்தார். கலை இரண்டாகப் பிளக்கவில்லை.

கானோ 1909இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் உறுப்பினரானார். ஆசியாவிலிருந்து முதல் ஆள் அவர். 1938இல் ஒலிம்பிக் குழுக் கூட்டம் ஒன்றை முடித்துக் கப்பலில் ஊர் திரும்பும்போது கடலிலேயே இறந்தார். தன் ஜூடோ ஒலிம்பிக்கில் நுழைவதை அவர் பார்க்கவில்லை. 1964 டோக்கியோவில்தான் அது நுழைந்தது. மொத்தம் நான்கு எடைப் பிரிவுகள். மூன்றில் ஜப்பான் தங்கம் வாங்கிவிட்டது. எல்லாரும் காத்திருந்தது நான்காவதுக்கு, எடை வரம்பில்லாத திறந்த பிரிவுக்கு. அதன் இறுதிப் போட்டியில் ஜப்பானின் காமினாகாவை நெதர்லாந்தின் அன்டன் கீசிங்க் அமுக்கிப் பிடித்து வென்றார். ஜப்பானிய ரசிகர்கள் கண் கலங்கினார்கள். நெதர்லாந்து ரசிகர்கள் மேடைக்கு ஓடிவந்தார்கள். கீசிங்க் கையை உயர்த்தி அவர்களைத் தடுத்தார். பிறகு எதிராளிக்கு முறைப்படி வணக்கம் செலுத்தினார். கலையைக் கடன் வாங்கியவர் அதன் ஒழுங்கையும் சேர்த்து வாங்கியிருந்தார். அந்த ஒரு மாலையில் ஜூடோ ஜப்பானின் சொத்து என்பது போய் உலகத்தின் விளையாட்டானது. 1968இல் விடுபட்டு, 1972இல் திரும்ப வந்து, இன்றுவரை நிலைத்திருக்கிறது.

பெண்களுக்கான பதக்கம் மட்டும் 1992 வரை வரவில்லை. 1959இல் ரஸ்டி கானோகோகி என்ற அமெரிக்கப் பெண் ஆண் வேடத்தில் ஒரு போட்டியில் கலந்து வென்றார். பெண் என்று தெரிந்ததும் பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தார்கள். 1980இல் அவரே முன்நின்று பெண்களுக்கான முதல் உலகப் போட்டியை நியூயார்க்கில் நடத்திக் காட்டினார். நம் களங்களில் இன்று பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளுக்குச் சமமாக நிற்கிறார்கள், சில ஊர்களில் அவர்களே அதிகம். ஜூடோ பிந்திச் செய்ததை நாம் முந்திச் செய்திருக்கிறோம். சிலம்பத்தின் பெரிய பலம் இதுதான் என்பது என் எண்ணம்.

அடுத்தது டேக்வாண்டோ. 1945இல் கொரியா விடுதலை பெற்றபோது அங்கே ஒவ்வொரு ஆசானுக்கும் ஒரு ‘குவான்’, அதாவது ஒரு பள்ளி. பெயர் வேறு, பாடம் வேறு, பட்டயம் வேறு. நம் நிலைமைதான். அவர்கள் சண்டை போட்டார்கள், பிரிந்தார்கள், திரும்பச் சேர்ந்தார்கள். 1955இல் பொதுப் பெயர் ஒன்றை ஏற்றார்கள். 1972இல் குக்கிவான் என்ற தலைமை அரங்கம் எழுந்தது. 1973இல் சியோலில் முதல் உலகப் போட்டி நடந்தது, அதே ஆண்டு உலகக் கூட்டமைப்பு பிறந்தது. 1980இல் ஒலிம்பிக் குழுவின் அங்கீகாரம். 1988லும் 1992லும் காட்சி விளையாட்டு. 2000இல் சிட்னியில் பதக்கம். தென்கொரிய அரசு முழு பலத்தோடு பின்னால் நின்றது, உண்மை. ஆனால் குவான்கள் தங்கள் தனிப் பட்டயத்தை விட்டுக்கொடுக்காமல் அரசு மட்டும் நின்றிருந்தால் அது நடந்திருக்காது. அந்தக் கூட்டமைப்பை வளர்த்த கிம் உன்-யோங் பின்னாளில் பண மோசடி வழக்கில் தண்டனை பெற்றார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சங்கம் கட்டுகிறவர்கள் கணக்கையும் திறந்து வைக்க வேண்டும்.

தென்கிழக்கு ஆசியாவின் சிலாட் கதை சுருக்கமானது. 2018 ஆசிய விளையாட்டை இந்தோனேசியா நடத்தியது. பென்சாக் சிலாட் சேர்ந்தது. 16 தங்கத்தில் 14 இந்தோனேசியாவுக்கே. அடுத்து ஹாங்சோவில் நடந்தபோது சிலாட் பட்டியலில் இல்லை. நமக்கு மிக நெருங்கிய உறவான பிலிப்பைன்ஸின் ஆர்னிஸ், அதுவும் கம்புச் சண்டைதான், 2005லும் 2019லும் தென்கிழக்காசிய விளையாட்டில் இடம் பெற்றது. அந்த இரண்டு முறையும் போட்டியை நடத்தியது பிலிப்பைன்ஸ்; வெளியே இடம் கிடைக்க 2023 கம்போடியா வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெரும்பாலும் செயின்ட் லூயிஸ் கதையே மீண்டும் நடந்தது. 2036 நமக்கே கிடைத்தாலும், நம் பிள்ளைகளே எல்லாத் தங்கத்தையும் அள்ளினால், 2040இல் சிலம்பம் இருக்காது.

இப்போது என் மனத்துக்கு மிக நெருங்கிய இடத்துக்கு வருகிறேன். புள்ளி. யார் தொட்டார், எங்கே தொட்டார், முதலில் தொட்டது யார். ஒரு நடுவருக்கு இரவில் தூக்கம் கெடுவது இதனால்தான்.

2021இல் டோக்கியோவில் கராத்தேயின் கனத்த எடைப் பிரிவு இறுதிப் போட்டியை நினைத்துப் பாருங்கள். சவூதி அரேபியாவின் தாரிக் ஹமேதி 4–1 என்று முன்னிலையில் இருக்கிறார். உயர எழுந்த அவருடைய உதை ஈரானின் சஜாத் கஞ்ச்சாதேயின் தலையில் விழுகிறது. கஞ்ச்சாதே நினைவிழந்து சாய்கிறார், தூக்குப்படுக்கையில் கொண்டுபோகிறார்கள். கராத்தேயில் அடியைக் கட்டுப்படுத்தி நிறுத்த வேண்டும் என்பது விதி. ஆகவே ஹமேதி தகுதி இழந்தார். மயங்கிக் கிடந்தவருக்குத் தங்கம். விதிப்படி நடுவர்கள் செய்தது சரி. ஆனால் வீட்டில் தொலைக்காட்சி பார்த்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த ஒலிம்பிக்கில் கராத்தே இல்லை. பாரிஸ் முடிவு அதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது, இந்தப் போட்டியால் அல்ல. இருந்தாலும் பார்க்கிறவனுக்கு ஒரே பார்வையில் விளங்காத விதி ஒரு கலைக்கு எவ்வளவு பாரம் என்பதை அந்த மாலை காட்டியது.

இதே சிக்கலை டேக்வாண்டோ வேறு வழியில் தீர்க்கப் பார்த்தது. 2008 பெய்ஜிங்கில் கியூபாவின் ஏஞ்சல் மாத்தோஸ் நடுவரையே முகத்தில் உதைத்து வாழ்நாள் தடை வாங்கினார். நடுவர்கள்மேல் புகார்கள் குவிந்திருந்த நேரம் அது. 2012 லண்டனில் மின்னணு மார்புக் கவசமும் காணொளி மறுபார்வையும் வந்தன. புகார் குறைந்தது. ஆனால் கவசத்தை ஏமாற்றிப் புள்ளி எடுக்க, முன்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தட்டித் தட்டி விளையாடும் பாணி பரவியது. பழைய ஆசான்கள் வருந்தினார்கள். கருவி எதை அளக்கிறதோ அதை நோக்கிக் கலை வளைந்துவிடும்.

நம் கம்புக்கு வருவோம். பழைய களங்களில் கம்பின் நுனியில் கரியோ சாயமோ தோய்த்துக்கொள்வார்கள். சுற்று முடிந்ததும் யார் உடம்பில் எத்தனை கறை என்று எண்ணுவார்கள். எதிராளியின் கம்பைத் தட்டிவிட்டாலும் வெற்றி. நெற்றியில் பொட்டு வைத்துவிட்டால் பேச்சே இல்லை. எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! கறை பொய் சொல்லாது, யார் வந்தும் அதைப் பார்க்கலாம். ஆனால் இரண்டு கறையில் எது முன்னது என்று கறை சொல்லாது. சிலம்பத்தில் அதுதான் முக்கியம். அடி வாங்கிக்கொண்டே அடித்தவனுக்கும், விலகி நின்று அடித்தவனுக்கும் ஒரே புள்ளி கொடுத்தால் சுவடு எதற்கு? காலடிப் பாடம் எதற்கு?

வாள்வீச்சு இந்தக் கேள்வியை மின்சாரத்தால் தீர்த்தது. எப்பே என்ற வாளுக்கு 1936 ஒலிம்பிக்கில் மின் கருவி வந்தது. மற்ற இரண்டு வாள்களுக்கு அதற்குப் பின்னர். எப்பேயில் ஏறத்தாழ 25இல் ஒரு பங்கு வினாடிக்குள் இருவரும் தொட்டால் இருவருக்கும் புள்ளி. நம் சென்னையைச் சேர்ந்த பவானி தேவி, ஒலிம்பிக் வாள்வீச்சில் இறங்கிய முதல் இந்தியர், டோக்கியோவில் முதல் சுற்றில் டுனீசிய வீராங்கனையை 15–3 என்று வென்றவர், தொடக்க காலத்தில் மூங்கில் குச்சிகளைக் கொண்டு பழகியதாகச் சொல்லியிருக்கிறார். மின் வாள் விலை அதிகம், அதனால். இங்கேதான் நாம் யோசிக்க வேண்டும். வாளுக்கு ஒரு முனை, ஒரு பிடி. கம்புக்கு இரண்டு முனை, பிடி ஓயாமல் நகரும், கை மாறும், தலைக்கு மேல் சுழலும். அதில் கம்பி கட்ட முடியாது. கம்பியில்லாக் கருவி செய்யலாம், ஆனால் அதன் விலையை ஊர்க் களத்தில் சம்பளமில்லாமல் சொல்லிக் கொடுக்கும் ஒரு வாத்தியார் தாங்குவாரா? கருவியை வாங்கத் தெம்புள்ளவன் மட்டும் ஆடும் சிலம்பம் எனக்கு வேண்டாம்.

ஆகவே என் யோசனை இது. கரித் தோய்ப்பை விட வேண்டாம். துணியில் பட்டால் தெரியும், கழுவினால் போகும் சாயமாக அதை மாற்றுங்கள். மூலைக்கு ஒருவராக நான்கு நடுவர்கள், காணொளி மறுபார்வை, ஒவ்வொரு தொடுதலுக்கும் ஆட்டத்தை நிறுத்தி முன்–பின் தீர்மானம். தலைக்கவசமும் மார்புக் கவசமும் கட்டாயம். கவசம் போட்டால் வீரம் குறையும் என்று இங்கே ஒரு பெரியவர் முன்பு சொன்னார். அவரை மிகவும் மதிக்கிறேன். ஆனால் கண் போன பிள்ளையின் வீட்டுக்கு யார் போய் நிற்பது? தனித்திறமைப் பிரிவுக்கு, அதாவது கம்பு வீச்சுக்கும் இரட்டைக் கம்புக்கும் மான்கொம்புக்கும், தனி மதிப்பெண் முறை வேண்டும். அதை இங்கேயே எழுத வேண்டும். இன்று சங்கத்துக்குச் சங்கம் விதி மாறுகிறது. ஒரு பிள்ளை ஒரு மாதம் ஓரிடத்தில் சாம்பியன், மறுமாதம் வேறிடத்தில் அவன் கற்ற அடிக்குப் புள்ளியே இல்லை. இரண்டு பட்டயங்களில் எது செல்லும் என்று தெரியாமல் பெற்றோர் அலைகிறார்கள். பிள்ளையின் உழைப்புக்கு இது செய்யும் அநியாயம் எனக்குப் பொறுக்கவில்லை.

நமக்குள் இந்தப் பிளவு எங்கிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆசான்மார்களின் பிடிவாதத்தால் வந்தது என்று சொல்வது அரைகுறை உண்மை. 1799இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில். அந்த டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு, பாளையத்து மக்கள் ஆயுதம் வைத்திருப்பதற்குத் தடை போட்டது. வாளும் வேலும் பறிபோயின. கம்பு மிஞ்சியது, மாடு மேய்ப்பவன் கையில் இருக்கும் கம்பை எந்த அரசும் பிடுங்க முடியாது. கலை கொல்லைக்கும் தோப்புக்கும் ஒதுங்கியது. நம்பிக்கையான சீடனுக்கு மட்டும் வாய்வழியாகவும் கைவழியாகவும் போனது. நாகம் பதினாறு, கள்ளர் பத்து, குறவஞ்சி, பனையேறி மல்லு, துளுக்காணம், நிலைக்கலக்கி என்று வழிகள் தனித்தனியாக வளர்ந்தன. வெளியாருக்குக் காட்டாமல் இருந்ததால்தான் கலை பிழைத்தது. அப்படிக் காத்தவர்களின் பேரன்மாரிடம், எல்லாவற்றையும் மேசைமேல் வை என்று சட்டென்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவர்கள் தயங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

ஜப்பானிலேயே அப்படித் தயங்கி நிற்பவர்கள் உண்டு. மூங்கில் வாள்கொண்டு ஆடும் கெண்டோவை ஒலிம்பிக்குக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று அனைத்து ஜப்பான் கெண்டோ கூட்டமைப்பு நெடுநாளாக மறுத்துவருகிறது. வெறுமே தொட்டால் அங்கே புள்ளி இல்லை. குரலும் உடல் நிமிர்வும் வெட்டும் ஒன்றாகச் சேர வேண்டும். அடித்த பிறகும் விழிப்புக் குலையக் கூடாது. இதை எந்தக் கருவியும் அளக்காது, பதக்க ஆசை வந்தால் இது முதலில் போகும் என்பது அவர்கள் அச்சம். அது மரியாதைக்குரிய முடிவு. நம் ஆசான்மாரில் சிலர் அதே முடிவுக்கு வந்தால் நான் எதிர்த்துப் பேசமாட்டேன். அவர்கள் களத்துக்குப் போய் உட்கார்ந்து பாடம் கேட்பேன்.

ஆனால் கெண்டோவுக்கு அந்த மறுப்பைத் தாங்கும் வசதி இருக்கிறது. அதை ஜப்பானியக் காவல்துறை பயில்கிறது, பள்ளிகளில் சொல்லிக் கொடுக்கிறார்கள். நம் வாத்தியாருக்கு அப்படி என்ன இருக்கிறது? திருவிழா நாளில் ஒரு சால்வை, கல்யாண ஊர்வலத்தில் கொஞ்சம் காசு. பிள்ளைகள் பத்தாம் வகுப்பு வந்ததும் களத்தைவிட்டு நின்றுவிடுகிறார்கள். போட்டியும் சான்றிதழும் வேலை ஒதுக்கீடும் வந்த பிறகுதான் அவர்கள் பன்னிரண்டாம் வகுப்பு வரை தங்குகிறார்கள். இதைக் கண்ணால் பார்க்கிறேன். அதனால்தான் அரங்கத்துக்குப் போக வேண்டும் என்கிறேன். கானோ காட்டிய வழியில் போவோம். எதிராளியைத் தொட்டுப் புள்ளி எடுக்கும் தொடுமுறையும் தனித்திறமையும் அரங்குக்கு. வர்மமும் குத்துவரிசையின் கொடிய பிடிகளும் சுருள்வாளும் களத்தில், ஆசான் விருப்பப்படி, அவர் தேர்ந்தெடுத்த சீடனுக்கு. வணக்கம் செலுத்தும் சலாவரிசை இரண்டு இடத்திலும். அதை விட்டுக்கொடுத்து எந்தப் பதக்கமும் வேண்டாம்.

பழமை பற்றி ஒரு வார்த்தை. ஐயாயிரம் வருடம், உலகத்தின் எல்லாச் சண்டைக் கலைக்கும் தாய் என்றெல்லாம் நாம் மேடைகளில் பேசுகிறோம். சான்று இல்லாததைச் சொன்னால், சான்று உள்ளதையும் எதிரில் இருப்பவர் நம்பமாட்டார். வயதை வைத்து ஒலிம்பிக் குழு யாரையும் சேர்த்ததில்லை. 1882இல் தொடங்கிய ஜூடோ உள்ளே இருக்கிறது. நம் கம்பின் அழகைச் சொல்ல அது சுழல்வதே போதும்.

இனி நாடுகள். ரப்பர் தோட்டங்களுக்குப் போன தமிழரோடு மலேசியாவுக்குச் சிலம்பம் போனது. அங்கே இன்றும் முறையாகப் பயில்கிறார்கள், சங்கம் வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கிறது. இலங்கையில் சிலம்படி இருக்கிறது. இவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து விதி எழுத வேண்டும். நாம் எழுதி அவர்களுக்கு அனுப்பக் கூடாது. இத்தனையும் சேர்த்தாலும் அது தமிழர் இருக்கும் நாடுகளின் கணக்குத்தான். 75 நாடு வேண்டுமென்றால் தமிழ் தெரியாதவர் கம்பு எடுக்க வேண்டும். எடுத்தால் ஒருநாள் நம்மை வெல்வார்.

அதற்குத் தயாரா என்று கேட்கிறேன். நம் சடுகுடு, கபடியாகி, 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டில் காட்சி விளையாட்டாகவும் 1990 பெய்ஜிங்கில் பதக்கப் போட்டியாகவும் ஆனது. 1990 முதல் 2014 வரை ஆண்கள் தங்கம் நம்மைவிட்டுப் போனதே இல்லை. 2018 ஜகார்த்தாவில் அரையிறுதியில் ஈரான் நம்மை வீழ்த்தியது. பெண்கள் இறுதிப் போட்டியிலும் ஈரானே வென்றது. அன்று நாடே வருந்தியது, எனக்கும் வலித்தது. ஆனால் ஈரானியப் பெண்கள் கபடி பாடிப் புள்ளி எடுப்பதைப் பார்க்கையில், இந்த ஆட்டம் இனி அழியாது என்றும் தோன்றியது. நம் பிள்ளை ஒருத்தி ஒரு பிரேசில்காரியிடமோ கென்யாக்காரியிடமோ தோற்று, சலாவரிசை செய்து இறங்கும் நாள் வந்தால், அவளை முதலில் கட்டிப்பிடிக்கும் ஆளாக நான் இருக்க ஆசைப்படுகிறேன்.

பேச்சு நீண்டுவிட்டது. வாசலருகே மேசையில் தொடுமுறை விதிகளின் வரைவு ஒன்று, தட்டச்சு செய்த சில பக்கங்கள், வைத்திருக்கிறேன். அதில் மூன்று இடங்களைக் காலியாக விட்டிருக்கிறேன். முழங்காலுக்குக் கீழே பட்ட அடிக்குப் புள்ளி உண்டா? கம்பைத் தட்டிவிட்டால் சுற்று முடிந்ததா, அல்லது அதற்கும் புள்ளிதானா? நெற்றிப் பொட்டை, கவசம் வந்த பிறகு, எப்படிக் கணக்கிடுவது? இந்த மூன்றிலும் ஒவ்வொரு வழிக்கும் ஒவ்வொரு வழக்கம் உண்டு. ஆசான்மார்கள் இன்று சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் இருந்து, உங்கள் வழியில் என்ன வழக்கம் என்பதை, உங்கள் களத்தின் பெயரோடு, அதில் எழுதிவிட்டுப் போகும்படிக் கேட்டுக்கொள்கிறேன். எழுத வசதிப்படாதவர்கள் சொன்னால் போதும், பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.